நான்கெல்லை

பத்திரம் எழுதுகிறவன் நான்.
சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேசை,
ஒரு கம்ப்யூட்டர், காலடியில் யாருடையதோ ஒரு நாய்.
கிரயம், தானம், ஒத்தி, உயில்
எதற்கும் என்னிடம் வாசகம் உண்டு.

அந்தத் தை மாதம் வந்தது ஆற்றுத்திட்டு.
இரண்டு ஏக்கர் எழுபது சென்ட்.
நாணல், நாலு மருதமரம்,
தண்ணீர் வற்றினால் வெள்ளரி போடலாம்.
வடகரை நெடுமடை எங்களது என்றது,
தென்கரை காடங்குளம் எங்களது என்றது.
முந்தின கோடையில் அரிவாள் வரைக்கும் போயிற்று.

சப் கலெக்டர் புதுசு, வடக்கத்திப் பையன்,
'ழ'வைத் தப்பாமல் சொல்லுவார்.
விட்டுக்கொடுக்கிற ஊருக்கு
நாற்பத்திரண்டு லட்சம் என்றார்.
மேல்நிலைத் தொட்டி கட்டலாம்,
பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எடுக்கலாம்.
நூறு வருசம் வெள்ளரி விற்றாலும் தேறாத தொகை.
கணக்கில் அவர் தப்பே இல்லை.

முதலில் 'கிரயம்' என்று அடித்தேன்.
நெடுமடைத் தலைவர் மந்திரமூர்த்தி கையை நீட்டித் தடுத்தார்.
"விக்கோம்னு போடாதயும் வே.
மண்ண வித்துத் தண்ணி குடிச்ச ஊருன்னு பேசுவானுவ."

அழித்துவிட்டு 'விடுதலைப் பத்திரம்' என்றேன்.
'எங்களுக்குப் பாத்தியப்பட்ட மேற்படி திட்டை'
என்று வாசிக்கையில்
காடங்குளம் ஞானசிகாமணி எழுந்துவிட்டார்.
"பாத்தியம்னு எழுதினா
இத்தன நாளும் அது அவங்களுதுன்னுல்லா ஆகும்?"

பாத்தியத்தை எடுத்தேன்.
தாசில்தார் ஆபீஸ் கிளார்க் கேட்டார்:
"பாத்தியமே இல்லாதவனுக்கு
எந்தக் கணக்குல வே நாப்பத்திரண்டு லட்சம்?"

சரி, காடங்குளமே விட்டுக்கொடுக்கட்டும் என்று
பெயர்களை இடம் மாற்றினேன்.
அதே சண்டை, நாற்காலி மட்டும் வேறு.

சொத்து விவரத்தை மட்டும்
யாரும் மறுக்கவில்லை.
வடக்கே ஆறு. தெற்கே ஆறு.
கிழக்கே ஆறு. மேற்கே ஆறு.
இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

பைக் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றிருந்த பேராச்சி,
காடங்குளம் மூன்றாம் வார்டு உறுப்பினர்,
அதுவரை வாய் திறக்கவில்லை.
அரிவாள் போன அன்று
அவள் மகன் வலது கையில் மூன்று விரல் போயிற்று.
கோபமாகக் கேட்கவில்லை,
கீரைக்கட்டு விலை விசாரிக்கிற குரல்தான்:
"இந்த நாப்பத்திரண்டுல
வெரலுக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

மந்திரமூர்த்தி செருப்பைத் தேடினார்.
ஞானசிகாமணி செல்போனைப் பார்த்தார்.
நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.
அதற்கு வாசகம் இல்லை.

மார்ச் முப்பத்தொன்றோடு
பணம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.
சப் கலெக்டருக்கு மாறுதல்.
'திட்டு கடைசி' என்ற பெயரில்
ஏழு கோப்பு இன்னும் என்னிடம் கிடக்கிறது.

வைகாசியில் பேராச்சி தனியாக வந்தாள்.
ஊனம் அடைந்தோர் நிவாரண மனு,
எழுபத்தைந்தாயிரம் கிடைக்கலாம்.
பெயர், வயது, இழந்த உறுப்பு
எல்லாம் கடகடவென்று சொன்னாள்.
ஒன்பதாம் கட்டத்தில் நின்றோம்.
சம்பவம் நடந்த இடம்
எந்த ஊர் எல்லைக்குள்?

காடங்குளம் என்று அடிக்கப்போனேன்.
"நில்லுங்க அண்ணாச்சி.
வடகரை ஸ்டேசன் எஃப்.ஐ.ஆர்ல எப்படி இருக்கு?"
காகிதத்தைப் பிரித்தேன்.
'நெடுமடை எல்லைக்குட்பட்ட திட்டு.'
"மாறி இருந்தா தள்ளிருவான், என்ன?"
"தள்ளிருவான்."

நாய் எழுந்து, சுற்றி, மறுபடி படுத்தது.
காடங்குளம் மினிபஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது;
அது கிளம்பி வளைவு திரும்பும்வரை பார்த்தாள்.

"நெடுமடைன்னே போடுங்க."

போட்டேன்.
ஐந்து எழுத்து.
அச்செடுக்குமுன் சரிபார்க்க
முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"மெதுவா,"
என்றாள்.